சிவகாசித் தீப்பெட்டி

சிவகாசித் தீப்பெட்டி என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களிலும், அவற்றை ஒட்டிய கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களிலும் தயாரிக்கப்படும் காப்புத் தீப்பெட்டியைக் குறிக்கும். இது வத்திப்பெட்டி, நெருப்புப்பெட்டி என்றும் அழைக்கப்படுகிறது. சமையலறையிலும் பூசையறையிலும் நாள்தோறும் பயன்படும் மிக மலிவான வீட்டுக் கருவிகளுள் ஒன்று தீப்பெட்டி. இதில் உலோகப் பகுதி இல்லை. சுழலும் பகுதியும் இல்லை. தாள், மரக்குச்சி, இருவகை வேதிப்பசை ஆகியவற்றைக் கொண்டே வேண்டிய நேரத்தில் நெருப்பைத் தருகிறது. இந்தியாவில் விற்கப்படும் தீப்பெட்டிகளில் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் தயாராகிறது.

காப்புத் தீக்குச்சியின் தோற்றம்

உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாக்கர் என்னும் மருந்து விற்பனையாளர் 1826-இல் கண்டறிந்தார். 1827 முதல் விற்பனை செய்தார். அதன்பின் பரவிய தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்க்கப்பட்டது. இவை எவ்வகைச் சொரசொரப்பான பரப்பில் உரசினாலும் பற்றக்கூடியவை. சட்டைப்பையிலோ எலி கடித்தாலோ கூடத் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. மேலும் வெள்ளைப் பாஸ்பரஸ் நச்சுத்தன்மை வாய்ந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் ஏற்பட்டது.

இதற்குத் தீர்வாக அமைந்தது ஓர் எளிய வடிவமைப்புக் கருத்து ஆகும். தீப்பற்றத் தேவையான இரு பொருட்களையும் ஒரே இடத்தில் வைக்காமல், ஒன்றைக் குச்சியின் தலையிலும் மற்றொன்றைப் பெட்டியின் பக்கத்திலும் பிரித்து வைப்பதே அக்கருத்து. சுவீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் இதனை மேம்படுத்திப் பெருமளவில் தயாரித்தனர். 1855-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் இத்தீப்பெட்டி பரிசு பெற்றது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தானது. இந்தியாவில் அவ்வகைத் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1913-இல் இயற்றப்பட்டது.

சிவகாசியில் தொழிலின் தொடக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குத் தேவையான தீப்பெட்டிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இறக்குமதியாயின. 1922-இல் இறக்குமதி வரி உயர்த்தப்பட்டதால் உள்நாட்டில் தீப்பெட்டி தயாரிப்பது இலாபகரமானது. அவ்வாண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி தயாரிப்பைக் கற்றனர். ஊர் திரும்பி 1923-இல் தொழிலைத் தொடங்கினர். முதலில் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இயந்திரங்களைப் பயன்படுத்தினர். பின்னர் கைத்தொழில் முறையே செலவு குறைந்ததாக இருந்ததால் அதற்கு மாறினர்.

அதே 1923-இல் சுவீடன் நிறுவனம் ஒன்றின் முதலீட்டில் விம்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மேற்கிந்தியத் தீப்பெட்டி நிறுவனம் தொடங்கப்பட்டது. அது முழுவதும் இயந்திரமயமான ஆலைகளைக் கொண்டிருந்தது. இதனால் இயந்திரத் தீப்பெட்டி, கைத் தீப்பெட்டி என்னும் இருவகைத் தயாரிப்புகளுக்கு இடையே நீண்டகாலப் போட்டி உருவானது. கைத்தொழில் கூடங்களுக்கு வரிச்சலுகை வழங்குவது அரசின் கொள்கையாகப் பல ஆண்டுகள் இருந்தது. விம்கோ நிறுவனத்தை 2005-இல் ஐ.டி.சி. குழுமம் வாங்கியது.

சிவகாசிப் பகுதி மழை குறைந்த கரிசல் நிலம் ஆகும். வேளாண்மை வருவாய் நிலையற்றதாக இருந்ததால் மாற்று வேலை தேடுவோர் மிகுந்திருந்தனர். வறண்ட காற்றும் நீண்ட வெயில் காலமும் குச்சி மருந்தையும் பெட்டிப் பசையையும் செலவின்றி உலர்த்த உதவின. பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் தீப்பெட்டியைத் தொடர்ந்தே இங்கு வளர்ந்தன.

அமைப்பு

தீப்பெட்டி நான்கு உறுப்புகளைக் கொண்டது.

குச்சி: எடை குறைந்த, நேராகப் பிளக்கக்கூடிய மரத்தால் ஆனது. சிவகாசிக்குத் தேவையான குச்சிகள் பெருமளவில் கேரளத்திலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டில் தீக்குச்சி மரம் எனப்படும் பெருமரமும் இதற்கெனப் பயிரிடப்படுகிறது.

குச்சி மருந்து: பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூள், நிறமி முதலியவற்றின் கலவை. குளோரேட் ஆக்சிசனைத் தருகிறது; கந்தகமும் பசையும் எரிபொருளாகின்றன.

பக்க மருந்து: சிவப்புப் பாஸ்பரஸ், கண்ணாடித்தூள், பசை ஆகியவற்றின் கலவை. பெட்டியின் இரு பக்கங்களிலும் பூசப்படுகிறது.

பெட்டி: இருமுனையும் திறந்த வெளிப்பெட்டி, அதனுள் நகரும் உள்பெட்டி என இரு பகுதிகளைக் கொண்டது.

உள்பெட்டியைப் பிடித்து வைப்பதற்குக் கொக்கியோ மூடியோ இல்லை. வெளிப்பெட்டியின் உட்சுவருக்கும் உள்பெட்டிக்கும் இடையேயுள்ள உராய்வு மட்டுமே அதனை நிறுத்துகிறது. அளவு சிறிது தளர்ந்தால் குச்சிகள் கொட்டிவிடும். சிறிது இறுகினால் ஈரக்காற்றில் தாள் உப்பி, பெட்டி திறக்க வராது. ஆகவே மலிவான இப்பொருளிலும் அளவுத் துல்லியம் இன்றியமையாததாகும்.

உரசும் பரப்பு இருபக்கமும் அமைந்திருப்பதால் வலக்கை, இடக்கை ஆகிய இரு பழக்கத்தினரும் பெட்டியைத் திருப்பாமல் பயன்படுத்தலாம். ஒருபக்கம் தேய்ந்தாலும் மறுபக்கம் உதவும். கடைசிக் குச்சி தீரும்வரை பக்க மருந்து தேயாமல் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கவனிக்கும் முக்கிய விதியாகும்.

எரியும் முறை

குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் உரசும்போது கண்ணாடித்தூளின் உராய்வால் வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தில் சிவப்புப் பாஸ்பரசின் மிகச் சிறு அளவு குச்சித் தலையிலுள்ள குளோரேட்டுடன் வினைபுரிந்து பொறியை எழுப்புகிறது. உடனே கந்தகமும் பசையும் பற்றுகின்றன. குச்சியின் மேற்பகுதி முன்னரே உருகிய மெழுகில் தோய்க்கப்பட்டிருப்பதால் மெழுகு ஆவியாகி எரிந்து, சுடரை மரத்துக்குக் கடத்துகிறது. மெழுகு இல்லையெனில் மருந்து மட்டும் சீறி எரிந்து அணைந்துவிடும்.

சிவப்புப் பாஸ்பரசும் பொட்டாசியம் குளோரேட்டும் உலர்ந்த நிலையில் கலந்தால் சிறு உராய்விலேயே வெடிக்கும். பயன்படுத்துபவரின் வீட்டில் இவ்விரண்டும் ஒரு நொடி மட்டுமே, அதுவும் மிகச் சிறு அளவில் சந்திக்கின்றன. ஆனால் தயாரிப்புக் கூடத்தில் இரண்டும் பெருமளவில் கையாளப்படுகின்றன. எனவே இரு மருந்துகளையும் தனித்தனி அறைகளில், தனித்தனிக் கலன்களில் அரைப்பதும், தரையில் சிந்திய தூளை உடனுக்குடன் அகற்றுவதும் பாதுகாப்பின் அடிப்படை விதிகள் ஆகும்.

கைமுறைத் தயாரிப்பு

கைமுறையில் குச்சிகள் முதலில் வரிப்பள்ளங்கள் கொண்ட மரச்சட்டங்களில் ஒவ்வொன்றாக, ஒன்றையொன்று தொடாதவாறு அடுக்கப்படுகின்றன. நிரம்பிய சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கப்பட்டு, முதலில் மெழுகிலும் பின்னர் மருந்திலும் தோய்க்கப்படுகின்றன. உலர்ந்த குச்சிகள் பெட்டிகளில் அடைக்கப்படுகின்றன. நிரம்பிய பெட்டிகளின் பக்கங்களில் பாஸ்பரஸ் பசை பூசி உலர்த்திய பின் சிப்பமிடுவர். மொத்த வணிகத்தில் 600 பெட்டிகள் கொண்டது ஒரு பண்டல் எனப்படுகிறது. பெட்டி ஒட்டும் வேலை நீண்டகாலமாக வீடுகளில் பெண்களால் செய்யப்பட்டு வந்தது.

இயந்திர ஆலையில் இவ்வரிசை மாறுவதில்லை. குச்சிகள் துளையிட்ட இரும்புத் தகடுகளில் செருகப்பட்டு, சங்கிலிபோல் நகர்ந்து மெழுகு, மருந்து, உலர்த்தும் பகுதி ஆகியவற்றைக் கடந்து செல்கின்றன. ஊதி அணைத்த பின் குச்சி கனலாமல் இருக்க அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைப்பதும் வழக்கம்.

வடிவமைப்பு மாற்றங்கள்

தொடக்கத்தில் உள்பெட்டி, வெளிப்பெட்டி இரண்டும் மெல்லிய மரச்சீவலால் செய்யப்பட்டு, நீலத்தாள் முதலியன ஒட்டப்பட்டன. மரத்தின் விலை உயர்ந்தபோது அவற்றின் இடத்தை அட்டை பிடித்தது. அட்டையில் நேரடியாக அச்சிட முடிந்ததால் தனியாகப் படம் ஒட்டும் வேலை குறைந்தது.

1934-இல் தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. தீர்வை செலுத்தியதற்கு அடையாளமாகப் பாண்ட்ரோல் எனப்படும் முத்திரைத் தாள் பெட்டியின் குறுக்கே ஒட்டப்பட்டது. முதன்முறை திறக்கும்போது அது கிழிந்துவிடும். இவ்வாறு வரி அடையாளமே, பெட்டி பிரிக்கப்படாதது என்பதற்கான சான்றாகவும் பயன்பட்டது.

மெழுகுத் தீக்குச்சி மற்றொரு மாற்றம் ஆகும். இதில் மரத்துக்குப் பதிலாக மெழுகு தோய்ந்த தாளோ நூலோ குச்சியாகிறது. இக்குச்சி சிறியதாக இருந்தாலும் சீராக எரியும். தீபாவளிக்கென வண்ணச் சுடர் தரும் மத்தாப்புத் தீப்பெட்டியும் சிவகாசியில் தயாரிக்கப்பட்டது. பொதுவாகச் சிவப்புச் சுடருக்கு ஸ்ட்ரான்சியம் உப்பும் பச்சைச் சுடருக்குப் பேரியம் உப்பும் பயன்படும். பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்து, 2021-இல் அதனை வலியுறுத்தியது.

முகப்புப் படங்கள்

எழுதப் படிக்கத் தெரியாத வாங்குநரும் தாம் விரும்பும் வகையைக் கேட்டு வாங்குவதற்கு முகப்புப் படம் உதவியது. விலங்குகள், பறவைகள், பூக்கள், கப்பல், தெய்வ உருவங்கள் போன்றவை மிகுதியாக இடம்பெற்றன. விம்கோவின் கப்பல் படமும், சிறுத்தையுடன் ஒருவர் போரிடும் சீட்டா ஃபைட் படமும் தமிழ் வீடுகளில் நன்கு அறியப்பட்டவை. இப்படங்களின் தேவையை நிறைவுசெய்ய உருவான அச்சகங்களே பின்னர் நாட்காட்டி, நாட்குறிப்பேடு ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற சிவகாசி அச்சுத் தொழிலுக்கு அடித்தளமாயின. தீப்பெட்டி முகப்புகளைச் சேகரிப்பது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக உள்ளது.

குழந்தைத் தொழிலாளர்

குச்சி அடுக்குதல், பெட்டியில் அடைத்தல் ஆகியவை சிறு விரல்களால் விரைவாகச் செய்யக்கூடியவை எனக் கருதப்பட்டதால் இத்தொழிலில் குழந்தைகள் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர். எண்ணிக்கை அடிப்படையிலான கூலி முறை இதனை ஊக்குவித்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பைக் குழந்தைகளை ஈடுபடுத்தக்கூடாத தொழில்களுள் சேர்த்தது. சலம் பென்னூர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் (1990) இந்நிலையைப் பதிவு செய்தது.

எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலையளிப்பவர் மறுவாழ்வு நிதியில் செலுத்த வேண்டும் என்று அதில் ஆணையிடப்பட்டது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதையும் தடைசெய்தது. பள்ளிக் கல்வியின் பரவலும், குச்சி அடுக்குவதற்கும் அடைப்பதற்கும் வந்த இயந்திரங்களும் குழந்தைகளின் வேலையைக் குறைத்தன. அதே இயந்திரங்கள் கைவேலையை நம்பியிருந்த பெண்களின் வேலைவாய்ப்பையும் பாதித்தன.

விலையும் வரியும்

தீப்பெட்டியின் விலை மிக அரிதாகவே மாற்றப்படுகிறது. சில்லறை நாணயம் ஒன்றுக்கு ஒரு பெட்டி என்னும் முறை நிலவுவதால் சிறு விலையேற்றம் சாத்தியமில்லை. 2007-இல் 50 காசிலிருந்து 1 ரூபாயாக உயர்ந்த விலை, 14 ஆண்டுகளுக்குப் பின் 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாயானது. அப்போது பெட்டியிலுள்ள குச்சிகளின் எண்ணிக்கை 36-இலிருந்து 50-ஆக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. தீப்பெட்டிக்கு 14 வகை மூலப்பொருட்கள் தேவைப்படுகின்றன. இவ்விலை உயர்வுக்கு முன் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோவுக்கு 425 ரூபாயிலிருந்து 810 ரூபாயாக ஏறியிருந்தது. விலையை மாற்ற இயலாத காலங்களில் குச்சிகளின் எண்ணிக்கை, அட்டையின் கனம் ஆகியவற்றைக் கொண்டே தயாரிப்பாளர்கள் செலவைச் சரிசெய்கின்றனர்.

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடும் பிறவற்றுக்கு 18 விழுக்காடும் வரி விதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே விகிதமாக 12 விழுக்காடு வரையறுக்கப்பட்டது. இதனால் கைத்தொழிலுக்கு இருந்த வரிச்சலுகை நீங்கியது.

மாற்றுப் பொருட்கள்

மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் குறைந்து, மின்விளக்கும் எரிவாயு அடுப்பும் பரவியதால் வீடுகளில் தீக்குச்சியின் தேவை குறைந்தது. அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் அழுத்தப்படும் படிகம் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கிப் பொறியைத் தருகிறது. அதற்கு எரிபொருளோ மின்கலமோ தேவையில்லை. தானாகப் பற்றும் அடுப்புகளில் லைட்டரும் வேண்டியதில்லை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிச் சிகரெட் லைட்டரே தீப்பெட்டிக்குப் பெரும் போட்டியாக அமைந்தது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளுக்கு ஈடாகும் எனக் குறிப்பிட்டு, அதனைத் தடைசெய்யுமாறு தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு 2023 சூனில் தடை விதித்தது. அதன்பின் உதிரிப் பாகங்களாக வரவழைத்துப் பொருத்தி விற்கும் முறை எழுந்ததால், 2024 அக்டோபரில் லைட்டர் பாகங்களின் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது.

பிற பயன்பாடுகள்

தீர்ந்துபோன தீப்பெட்டியும் வீட்டில் பயன்படுகிறது. ஊசி, பொத்தான், விதை முதலியவற்றை இட்டு வைக்கும் சிறு பேழையாக அது உதவுகிறது. இரு காலிப் பெட்டிகளை நூலால் இணைத்துச் செய்யும் தீப்பெட்டித் தொலைபேசி, ஒலி அதிர்வு திடப்பொருள் வழியே பரவுவதை விளக்கும் எளிய செய்முறை ஆகும். காலிப் பெட்டிகளைக் கொண்டு வீடு, தொடர்வண்டி போன்ற உருவங்கள் செய்வது சிறுவர்களின் விளையாட்டாக இருந்து வருகிறது.