கம்பி கேட்கும் கூலி



மோட்டார் காயில் புகைந்து போனால் நாம் யாரைத் திட்டுகிறோம்? முதலில் மோட்டார் செய்தவனை. அடுத்து காயில் கட்டினவரை. அதற்கப்புறம் பொதுவாகக் கரண்டை. டிரான்ஸ்பார்மரிலிருந்து கிணறு வரைக்கும் வெயிலில் காய்ந்து தொங்குகிற கம்பியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "அது சும்மா கம்பிதானே, கரண்டைக் கொண்டாந்து விடுது" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கம்பி சும்மா கொண்டுவந்து விடுவதில்லை. வழியில் ஒரு கூலி எடுத்துக்கொள்ளும். அந்தக் கூலி எவ்வளவு என்று உலகத்துக்குக் கணக்குப் போட்டுச் சொன்ன ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடைய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கதை 1800-ம் வருஷத்தில் ஆரம்பிக்கிறது. இத்தாலி தேசத்து வோல்டா என்பவர் வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். அடுக்கின் தலைப்பையும் அடியையும் ஒரு கம்பியால் சேர்த்ததும் அதில் மின்சாரம் நிற்காமல் ஓடியது. கம்பியை ஒரு பக்கம் எடுத்துவிட்டால் ஓட்டம் நின்றது. போன மின்சாரம் திரும்பி வர வழி இருந்தால்தான் ஓடும் என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இதற்குத்தான் மின்சுற்று என்று பெயர். நம் வீட்டு சுவிட்ச் செய்கிற வேலையும் இந்தச் சுற்றை ஓரிடத்தில் வெட்டுவதும் சேர்ப்பதும்தான். வேறொன்றும் இல்லை.

சுற்று தெரிந்தது. ஆனால் கம்பி நீளமானால் என்ன ஆகும், மெல்லிசானால் என்ன ஆகும் என்பதற்கு உறுதியான கணக்கு யாரிடமும் இல்லை. அந்தக் கணக்கைக் கண்டவர் கியோர்க் ஓம். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ல் பிறந்தவர். தகப்பனார் பூட்டு செய்கிற தொழிலாளி. அந்த மனிதர் தானாகவே கணக்குப் படித்து, பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தவர். ஓம் பிற்பாடு கொலோன் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தார். சோதனைக்கு வேண்டிய சாமான்களில் பலவற்றை அவரே செய்துகொண்டார். பட்டறை வீட்டில் பிறந்த கை அல்லவா!

முதலில் வோல்டா மாதிரி அடுக்கை வைத்துச் சோதித்துப் பார்த்தார். அது சோதனை நடக்கும்போதே பலம் குறைந்துகொண்டே போயிற்று. தராசு தானே அசைந்துகொண்டிருந்தால் எடை போடுவது எப்படி? போகென்டார்ப் என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். ஓம் பிஸ்மத் என்ற உலோகத்தையும் செம்பையும் சேர்த்தார். ஒரு முனை கொதிக்கிற தண்ணீரில், மறுமுனை உருகுகிற பனிக்கட்டியில். தண்ணீர் கொதிக்கும் சூடு மாறாது, பனிக்கட்டி உருகும் குளிர் மாறாது, அதனால் மின்சாரத்தின் தள்ளுவிசையும் மாறவில்லை. ஓட்டத்தை அளக்க, நூலிழை போன்ற கம்பியில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார்.

பிறகு ஒரே கனமுள்ள 8 செம்புக் கம்பித் துண்டுகளை எடுத்துக்கொண்டார். சின்னது 2 அங்குலம், பெரியது 130 அங்குலம். ஒவ்வொன்றாக மாட்டி ஊசியைப் பார்த்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைந்தது. அதுவும் ஒரு ஒழுங்காகக் குறைந்தது. 1826-ல் இதை எழுதி வெளியிட்டார், 1827-ல் பெர்லினில் புத்தகமாகவே போட்டார். நம் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: தள்ளுகிற விசை வோல்ட். ஓடுகிற அளவு ஆம்பியர். வழியில் உள்ள தடை ஓம். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் எவ்வளவு ஆம்பியர் ஓடும் என்று தெரிந்துவிடும். கம்பி நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும். கம்பியின் குறுக்குப் பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும்.

இத்தனை எளிய கணக்கைச் சொன்னவருக்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? அவருடைய நாட்டிலேயே பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தார், கிடைக்கவில்லை. மனம் நொந்து கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. மூனிச் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852-ல்தான் வந்தது. இரண்டு வருஷத்தில், 1854-ல் இறந்துபோனார். மின்தடையின் அளவுக்கு அவர் பேரை வைத்ததை 1881-ல் பாரிஸில் கூடிய மாநாடு உலகுக்குப் பொதுவாக ஏற்றது.

சரி, இது நம்ம கிணற்றடியில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 200 மீட்டர் இழுத்தால் அதன் தடை ஏறத்தாழ 2.4 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 24 வோல்ட்டை அந்த ஒரு கம்பியே எடுத்துக்கொள்ளும். இதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் 9 வோல்ட்டோடு போயிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் கசிந்து அளவு குறையும். கம்பியில் அப்படி இல்லை, போன கரண்ட் ஒரு பொட்டுக் குறையாமல் சுற்றி வந்துவிடும். குறைவது அதைத் தள்ளுகிற விசை, அதாவது வோல்டேஜ். கடைமடைக் கிணற்றில் பல்பு மங்கலாக எரிவது அதனால்தான்.

பல்பு மங்கினால் நஷ்டம் இல்லை. மோட்டார் அப்படி விடாது. தண்ணீர் இறைக்கிற பாரம் அதன் தலையில் அப்படியே இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் அதே பாரத்தை இழுக்க அது கூடுதல் கரண்டை வாங்கும். அந்தக் கூடுதல் கரண்ட் என்ன செய்யும் என்பதை இங்கிலாந்தில் ஜூல் என்பவர் 1840-வாக்கில் கண்டு சொன்னார். பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை அவர். தண்ணீருக்குள் கம்பிச் சுருளை வைத்து, கரண்ட் விட்டு, சூடு ஏறுவதை அளந்தார். கரண்ட் இரட்டித்தால் சூடு இரட்டிக்கவில்லை, நாலு மடங்காயிற்று! மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "கொஞ்சம்தானே சார் கூட இழுக்குது" என்று சொல்கிற நண்பர்கள் இதை மனசில் வைக்க வேண்டும்.

சூட்டைக் கெடுதல் என்று மட்டும் நினைக்காமல், அதையே காவலுக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் எடிசன் 1880-ல் அதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். மின்சுற்றில் ஓரிடத்தில் வேண்டுமென்றே மெல்லிசான ஒரு கம்பித் துண்டை வைப்பது. கரண்ட் அளவு மீறினால் மற்ற கம்பிகள் சூடாவதற்குள் அது உருகி அறுந்துவிடும். அதுதான் நம்ம பீஸ். சாவதற்கென்றே வைத்த கம்பி. அதைச் சாகவிடாமல், நாலு இழை முறுக்கியும் கட்டுக்கம்பி சுற்றியும் மாட்டுகிறோமே, அப்போது உருகுவதற்கு மிச்சமிருப்பது மோட்டார் காயில்தான். ஆனால் பீஸ் ஒன்றே போதும் என்றும் இருக்க வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுப்பதைப் பீஸ் தாங்கியாக வேண்டும். அதனால் மெல்ல மெல்லக் கூடுகிற பாரம் அதற்குத் தெரியாது. மூன்றில் ஒரு பேஸ் போய் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்பதும் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே. அதைத் தூக்கிக் கட்டிவிட்டு மோட்டார் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூரத்துக்குக் கரண்ட் கொண்டுபோவதும் இதே கணக்கில்தான் வந்தது. வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே சக்திக்குக் கரண்ட் பத்தில் ஒரு பங்கு போதும், கம்பிச் சூடு நூற்றில் ஒரு பங்காகிவிடும். 1891-ல் ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரை லாபன் என்ற ஊரில் தண்ணீர் விசையால் மின்சாரம் எடுத்து, 15,000 வோல்ட்டுக்கு ஏற்றி, 4 மில்லிமீட்டர் செம்புக் கம்பி மூன்றில் 175 கிலோமீட்டர் தள்ளி பிராங்க்பர்ட் பொருட்காட்சிக்கு அனுப்பினார்கள். சுமார் முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது. அங்கே ஆயிரம் பல்பு எரிந்தது. அதைவிட நமக்கு வேண்டியது, ஒரு மூன்று பேஸ் மோட்டார் பம்பை ஓட்டித் தண்ணீரை மேலே ஏற்ற, அது செயற்கை அருவியாகக் கொட்டியது. நம் கிணற்றுப் பம்புசெட்டுக்குப் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். நாற்பத்தோரு வருஷம் கழித்து 1932-ல் நீலகிரிப் பைக்காராவில் மின்சாரம் எடுத்து மலையிலிருந்து கோயம்புத்தூர்ச் சீமைக்கு இறக்கினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் இறங்கியது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு. காயிலிலிருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்ட் இறங்கிவிட்டது என்று வையுங்கள். எர்த் கம்பி வழியாக அது மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்பார்மர் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். இதுவும் ஒரு சுற்றுதான். எர்த் நன்றாக இருந்தால் கரண்ட் வெள்ளமாகப் பாய்ந்து பீஸ் போய்விடும். ஆனால் கோடையில் எர்த் குழி காய்ந்து, அந்த வழியின் தடை 40 ஓம் ஆகியிருந்தால்? 240 வோல்ட்டை 40-ஆல் வகுங்கள், 6 ஆம்பியர். சரியான அளவில் போட்ட 15 ஆம்பியர் பீஸ்கூட அதற்குப் போகாது. மோட்டாரும் ஓடிக்கொண்டேயிருக்கும். உடம்பில் கரண்ட் இருப்பது ஈரக்காலோடு வந்து தொடுகிறவருக்குத்தான் தெரியும். மிகச் சிறு கசிவுக்கே அணைந்துவிடுகிற பிரேக்கர்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. ஒயர்மேனிடம் சொல்லி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். அது வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கரியும் உப்பும் போட்டு மூடிய அந்த எர்த் குழி உங்கள் கொட்டகைப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று இன்று சாயங்காலமே தேடிப் பாருங்கள். புல் மூடிக் கிடக்கும். செத்தையை விலக்கி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு தடவை ஊற்றுங்கள்.