படுத்தது 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம்! கை அசைவை வைத்து தூக்கமின்மையை அறிவது எப்படி?

ஊசி இல்லை, தலையில் ஒயர் ஒட்ட வேண்டியதில்லை. வாட்ச் போன்ற கருவியைக் கையில் கட்டிக்கொண்டு வழக்கம்போல வீட்டிலேயே படுத்தால் போதும். எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதை அசைவை வைத்தே கணக்கிடும் இந்த முறைக்கு 'ஆக்டிகிராபி' என்று பெயர்.

எப்படி வேலை செய்கிறது?

செல்போனைத் திருப்பினால் ஸ்கிரீனும் திரும்புகிறதல்லவா? அதற்குக் காரணமான 'அக்செலரோமீட்டர்' சென்சார்தான் இதிலும் இருக்கிறது. கையின் அசைவை அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை இது பதிவு செய்யும். அசைவு அதிகம் என்றால் விழிப்பு, அசைவே இல்லை என்றால் தூக்கம். படுத்த பிறகு தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது, இடையில் எத்தனை முறை விழிப்பு வந்தது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

சென்னையில் என்ன தெரிந்தது?

சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, இந்தக் கருவியால் அவர்களின் தூக்கம் அளக்கப்பட்டது. பொருளாதார நிபுணர்கள் கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு 2021-ல் வெளியானது. இவர்கள் இரவில் படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். தூங்கியதோ சுமார் ஐந்தரை மணி நேரம்தான்! ஆலோசனை, கண்மறைப்பு, காதடைப்பான் போன்ற உதவிகளால் இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறன் கூடவில்லை. மதியம் போட்ட குட்டித் தூக்கம்தான் வேலைக்கும் மனநிலைக்கும் கைகொடுத்தது.

அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஒரே ஒரு நாள் டெஸ்ட் எடுத்தால் இவர்களின் உண்மை நிலை தெரியாது. ஆக்டிகிராபியை ஒன்று, இரண்டு வாரம் தொடர்ந்து கட்டலாம். நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லையா, இல்லை ஷிஃப்டால் தூங்கவே நேரம் கிடைக்கவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்க இது உதவும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

கருவியை மட்டும் நம்பலாமா?

கூடாது. தூக்கம் வராமல் அசையாமல் படுத்திருந்தால், அதையும் 'தூக்கம்' என்றே கருவி எழுதிவிடும். தூக்கமின்மை உள்ளவர்கள் பலரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். அதனால், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வருவதும் அவசியம். குறட்டை, மூச்சுத்திணறல் இருந்தால், மூளை அலை, சுவாசம் எல்லாவற்றையும் பதிவு செய்யும் 'பாலிசோம்னோகிராபி' பரிசோதனை தேவைப்படலாம்.

கடையில் வாங்கும் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஸ்கோர் ஒரு குறிப்புதான், மருத்துவ முடிவு அல்ல. அதைப் பார்த்துவிட்டு நீங்களாகவே தூக்க மாத்திரை போடாதீர்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்து, பகலில் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மையாக இருக்கலாம். இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அல்ல, தூக்கப் பழக்கத்தையும் அது பற்றிய எண்ணங்களையும் மாற்றும் பயிற்சி சிகிச்சைதான். மெஷின் முன்னாலோ, வண்டி ஓட்டும்போதோ கண் சொக்கினால் மட்டும் 3 மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.