சூனியம்: "யார் வைத்தது?" என்ற கேள்வி

வியாபாரம் படுத்துவிட்டால் சூனியம். மகளுக்கு வந்த வரன் பேசி முடிக்கும் நேரத்தில் தட்டிப்போனால் சூனியம். பிள்ளை பெற்ற மருமகள் நாற்பது நாள் ஆகியும் குழந்தையைத் தூக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் சூனியம். நம் வீடுகளில் இந்தச் சொல் அவ்வளவு எளிதாகப் புழங்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் "யார் வைத்தது?" என்ற கேள்விதான் குடும்பத்தை உடைக்கிறது. அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் சொந்தக்காரரின் பெயர். மாமியார், நாத்தனார், பிள்ளை இல்லாத பெரியம்மா. முகம் தெரியாத வெளியூர்க்காரர் வைத்தார் என்று எந்த மந்திரவாதியும் சொல்லி நாம் கேள்விப்பட்டதில்லை.

அரபியில் இதற்கு சிஹ்ர் என்று பெயர். காரணம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பது என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். சிஹ்ருக்கு உண்மையிலேயே தாக்கம் உண்டா, அல்லது அது வெறும் கண்கட்டா என்ற கருத்து வேறுபாடு பழமையானது. அஹ்லுஸ் ஸுன்னத் அறிஞர்களில் பெரும்பாலோர் தாக்கம் உண்டு என்பர். ஹிஜ்ரி 370இல் மறைந்த ஹனஃபி மத்ஹப் இமாம் அபூபக்ர் அல்ஜஸ்ஸாஸ் போன்றோர் அது ஏமாற்றும் தந்திரமுமே என்பர். இந்த விவாதம் தமிழக மேடைகளில் போதுமான அளவு நடந்துவிட்டது; நாம் அதற்குள் போகவில்லை. அல்லாஹ்வின் நாட்டமின்றி யாரும் யாருக்கும் தீங்கு செய்ய முடியாது, சிஹ்ர் செய்வது பெரும்பாவம், குறிசொல்பவரிடம் போவது ஹராம் என்பவற்றில் இரு தரப்புக்கும் பேதமில்லை. ஆனால் நம் வீடுகளில் மீறப்படுபவை இந்த மூன்றும்தான்.

குர்ஆன் சிஹ்ரைப் பற்றி விரிவாகப் பேசும் இடங்களில் ஒன்று மூஸா (அலை) அவர்களின் வரலாறு. சூனியக்காரர்கள் மக்களின் கண்களை மயக்கினார்கள் என்கிறது 7:116. கயிறுகளும் கைத்தடிகளும் ஓடுவதுபோல் மூஸா நபிக்குத் தோன்றியது என்கிறது 20:66. உள்ளே பாதரசம் நிரப்பியிருந்ததால் வெப்பம் பட்டு அவை நெளிந்தன என்ற விளக்கத்தை இமாம் ஜஸ்ஸாஸ் பதிவு செய்திருக்கிறார்.

மற்றோர் இடம் 2:102, பாபிலோன் பற்றியது. அங்கே மக்கள் தேடிப்போய்க் கற்றது கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தை. இன்றும் தகடு எழுதுபவரிடம் போகிறவர்களின் தேவை பெரும்பாலும் இதுதான். மருமகனை அவன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், அல்லது மகனை அவன் மனைவியிடமிருந்து பிரிக்க வேண்டும்.

இதே வசனத்தை விளக்கும்போது ஜஸ்ஸாஸ் அவர்கள் ஒரு கதை சொல்கிறார். ஒரு தம்பதியைக் கெடுக்க நினைத்த பெண், மனைவியிடம் போய், "உன் கணவனுக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள். அவன் தூங்கும்போது தொண்டைப் பகுதியிலிருந்து சில முடிகளைக் கத்தியால் எடுத்து வா, நான் சரிசெய்கிறேன்" என்றாள். பிறகு கணவனிடம் போய், "உன் மனைவி உன்னைக் கொல்லப் பார்க்கிறாள்" என்றாள். அன்றிரவு அவன் தூங்குவதுபோல் பாசாங்கு செய்தான். மனைவி கத்தியோடு வந்தாள். அவன் எழுந்து அவளைக் கொன்றுவிட்டான். இதில் தகடும் இல்லை, ஜின்னும் இல்லை. இரண்டு வாக்கியங்கள் போதுமாக இருந்தன. கோள் சொல்வதையும் சிஹ்ரின் வகைகளுள் ஒன்றாக அவர் சேர்த்தது இதனால்தான்.

"உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் செய்திருக்கிறாள்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்பவர் செய்வதும் இதையே. அவர் பெயர் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. உயரமானவள், மாநிறம், பெயர் 'ஃபா' எழுத்தில் தொடங்கும் என்று சொன்னால் போதும். எந்த முஸ்லிம் குடும்பத்திலும் ஒரு ஃபாத்திமா இருப்பார். மீதியை வீட்டார் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். வாசற்படிக்கு அடியில் தோண்டி முடியும் ஊசியும் எடுத்துக் காட்டினால் அது சாட்சியாகிவிடுகிறது. தோண்டியவர் கையில் முன்பே என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. குறிசொல்பவன் ஓர் உண்மையோடு நூறு பொய்களைக் கலக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாம் அந்த ஒன்றை மட்டும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவது பீகாரில் 1999 முதலும் ஜார்கண்டில் 2001 முதலும் தனிச் சட்டத்தின்படி குற்றம். அங்கே அது கொலை வரை போயிருக்கிறது. நம் ஊரில் அடிதடி இல்லை, உண்மைதான். ஆனால் கல்யாண வீட்டில் ஒரு பெண் கொடுத்த டம்ளரை வாங்காமல் திருப்பிவிடுவது மட்டும் என்னவாம்? ஆதாரமின்றி ஒருவர் மீது பெரும்பாவத்தைச் சுமத்துவது எவ்வளவு பாரதூரமானது என்பதை வீட்டுப் பெரியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தொழிலைச் செய்பவரின் நிலையையும் பேச வேண்டும். அதை யாரும் பேசுவதில்லை. அவருக்குப் பெரும் சக்தி இருப்பதாக நினைப்பது முதல் தவறு. ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் அரசவைக்கு வந்ததும் கேட்டது என்ன என்பதை 7:113 சொல்கிறது: வென்றால் கூலி கிடைக்குமா? பொருளை வரவழைக்கும் சக்தி இருந்தால் கூலி கேட்பானேன்? இதைக் கற்பவர்கள் தங்களுக்குத் தீங்கானதையே கற்கிறார்கள், பயனுள்ளதை அல்ல என்று 2:102 கூறுகிறது. ஊர் அவருக்கு அஞ்சும், ஆனால் பெண் கொடுக்காது. இரவில் கதவைத் தட்டுபவர் பகலில் சலாம் சொல்ல மாட்டார். விட்டுவிட நினைத்தால் வருமானம் நின்றுபோகும். விட்டால் ஜின் பழிவாங்கும் என்று, பிறரைப் பயமுறுத்தச் சொல்லிச் சொல்லி, தானே நம்பத் தொடங்கியிருப்பார்.

இப்படிப்பட்டவருக்குத் தவ்பா கிடையாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் அதே மைதானத்திலேயே ஸஜ்தாவில் விழுந்து ஈமான் கொண்டதை எங்கே வைப்பது? கைகால்களை மாறு கை மாறு கால் வெட்டுவேன் என்ற மிரட்டலுக்கும் அவர்கள் அசையவில்லை. மனம் மாறி வருபவரிடம் ஜமாஅத் செய்ய வேண்டியது, வேறு பிழைப்புக்கு வழி காட்டுவது. அவரும் தாம் பெயர் சொல்லிக் கெடுத்த குடும்பங்களிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவம் வெறும் இஸ்திஃக்ஃபாரால் தீர்ந்துவிடாது. மிகக் கடினமான பகுதி இதுதான்.

நோய்க்கு வருவோம். தூக்கத்தில் மார்பின் மேல் யாரோ அமர்ந்து அழுத்துவது போன்ற உணர்வை மருத்துவம் தூக்க முடக்கம் என்கிறது. காதில் குரல் கேட்பதும், வலிப்பும், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் சிகிச்சை உள்ள நோய்கள். வலிப்பு வரும் பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, பொறுமைக்குச் சொர்க்கம் உண்டு, விரும்பினால் துஆ செய்கிறேன் என்றார்கள் (புகாரி). யார் செய்தது என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

இதற்கு மாறாக நடந்ததன் விலையை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் கொடியவர்கள் அல்லர். பேய், சூனியம் தீரும் என்று நம்பிய தாய் தகப்பன்மார். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. தர்காவின் அருகிலேயே துஆவோடு மருந்தும் தரும் அரசுத் திட்டம் பின்னர் வந்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

ஓதிப்பார்ப்பது கூடாது என்று நாம் சொல்லவில்லை. இமாம் இப்னு ஹஜர் தொகுத்த நிபந்தனைகள் மூன்று: அல்லாஹ்வின் வார்த்தை அல்லது பெயர்களைக் கொண்டிருக்க வேண்டும்; அரபியிலோ பொருள் விளங்கும் மொழியிலோ இருக்க வேண்டும்; அது தானாகவே பலன் தரும் என்று நம்பக்கூடாது. ஃபாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் ஃபலக்கும் நாஸும் ஓதுவதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஹஜ்ரத் தேவையில்லை. வீட்டில் உம்மாவே பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதலாம். தாயின் பெயரைக் கேட்பவர், கறுப்புச் சேவல் கேட்பவர், பெண்ணைத் தனியறையில் விடச் சொல்பவர், உறவினர் மீது சந்தேகத்தைத் தூண்டுபவர் ஆகியோரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். தாயத்து, மந்திரம் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954ஆம் ஆண்டிலிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது. ஓதிய அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம்; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.