பார்வையற்றோரும் பழம் ஆவணங்களும்

சரித்திர ஆராய்ச்சிக்குக் கண்பார்வை இன்றியமையாதது என்று பலர் எண்ணுவதுண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் வில்லியம் பிரெஸ்காட் (1796–1859) அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினார். கல்லூரிப் பருவத்தில், யாரோ எறிந்த ரொட்டித் துண்டு பட்டு அவரது ஒரு கண் பழுதுற்றது. பின்னர் மற்றக் கண்ணும் நலிந்தது. ஆயினும் ஸ்பெயின் நாட்டுச் சரித்திரத்தையே அவர் தம் துறையாகக் கொண்டார். ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ அவர் ஒருமுறையேனும் சென்றதில்லை. ஸ்பெயினிலிருந்த ஆவணங்களை அங்குள்ளோர் படியெடுத்து அனுப்பினர். நூல்களையும் படிகளையும் உதவியாளர் உரக்கப் படித்தார்; தொடக்கத்தில் அவ்வாறு படித்தவருக்கு ஸ்பானிய மொழியே தெரியாது! கேட்டவற்றை நினைவிலிருத்தி, வரி பிறழாமல் கையை நடத்தும் கம்பிச் சட்டமொன்றின் துணையால் பிரெஸ்காட் எழுதினார். 1843-இல் வெளிவந்த அவரது மெக்சிகோ வரலாறு பெரும்புகழ் பெற்றது.

ஆனால் பிரெஸ்காட் செல்வக் குடியிற் பிறந்தவர். படியெடுப்போருக்கும் படிப்போருக்கும் ஊதியம் தர அவரால் இயன்றது. செல்வமில்லாத மாணவன் என் செய்வான் என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

நம் நாடு இதற்கு ஓரளவு விடை கண்டுள்ளது. 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. தமிழும் ஆறு புள்ளிகளில் அடங்கிற்று. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றுவதற்கு வழி பிறந்தது. இதே நோக்குடன் 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை, 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியாவே.

சட்டம் நூலகத்தின் கதவைத் திறந்தது. ஆவணக் காப்பகத்திலோ வேறொரு பூட்டு இருக்கிறது. 1891-இல் கல்கத்தாவில் தோன்றி, இன்று தில்லியில் இயங்கும் தேசிய ஆவணக் காப்பகம், 2015 முதல் தன் ஆவணங்களை இணையத்தின் வழியே காட்டி வருகிறது. எனினும் ஆவணத்தின் படம் எழுத்தாகாது. கணினி, எழுத்தாகப் பதிந்ததையே உரக்கப் படிக்கும். வெறும் படத்தின்முன் ஊமையாகிவிடும். அச்சுப் பக்கமாயின் அதனைப் பெரும்பாலும் பொறியே எழுத்தாக மாற்றிவிடும். பழங்காலத்து எழுத்தர் மையால் கூட்டியெழுதிய கடிதத்திலோ அது தடுமாறுகிறது. அங்கே பயின்ற மனிதர் படித்துச் சரிபார்த்தாக வேண்டும்.

அப்பணி வீண்செலவன்று. ஒருமுறை எழுத்தாக்கிய ஆவணத்தைப் பார்வையற்றவர் செவியால் கேட்கலாம், விரலாலும் படிக்கலாம். பார்வையுள்ளவரும் அதில் ஒரு பெயரை நொடியில் தேடிக் காணலாம். பிரெஸ்காட் பொருள் கொடுத்துப் பெற்ற உதவியை நாம் பொதுச் செலவில் அனைவருக்கும் அளித்தல் வேண்டும். நாட்டின் ஆவணங்கள் நாட்டு மக்கள் யாவருக்கும் உரியன அன்றோ!