லாங் பிங்கும் சீன மகளிர் கைப்பந்தின் இரு பயிற்சி மரபுகளும்

சீன மகளிர் கைப்பந்தின் வெற்றிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: தளராத உழைப்பு, நாட்டுக்காக எதையும் தாங்கும் உறுதி. 'மகளிர் கைப்பந்து உணர்வு' என்ற பெயரில் சீன ஊடகங்கள் 1980களிலிருந்து போற்றிவரும் விளக்கம் இது. லாங் பிங்கின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் இது பாதி உண்மைதான் என்பது தெரிகிறது. 1984இல் வீராங்கனையாகவும் 2016இல் தலைமைப் பயிற்றுநராகவும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். கைப்பந்தில் இரு நிலையிலும் தங்கம் வென்ற முதல் ஆளும் அவரே. அந்த இரண்டு தங்கங்களும் ஒரே முறையில் விளைந்தவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் முறைக்கு ஜப்பானிய வேர் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய மகளிருக்குத் தங்கம் பெற்றுத்தந்த டைமாட்சு ஹிரோபுமியை, மறு ஆண்டே சீனப் பிரதமர் சௌ என்லாய் வரவழைத்துத் தம் நாட்டு அணிக்குப் பயிற்சி தரச் செய்தார். உடல் சோர்ந்து விழும்வரை பந்தெடுக்க வைக்கும் கடுமை அவருடையது. 1972இல் புஜியான் மாநிலத்தின் ஜாங்ஜோவில் மூங்கில் கொட்டகையில் தொடங்கிய பயிற்சித் தளம் இக்கடுமையின் அடையாளமாகிவிட்டது. 1976இல் அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற யுவான் வெய்மின் அதில் ஒன்றைச் சேர்த்தார்: ஆண்களை வலைக்கு எதிரே நிறுத்திப் பெண்களைப் பழக்கினார். அப்படிப் பந்தடித்துக் கொடுத்தவர்களில் ஒருவரான சென் சோங்ஹே, பின்னர் பயிற்றுநராகி 2004இல் ஏதென்ஸ் தங்கத்தை வென்றார்.

1960இல் தியான்ஜினில் பிறந்து பெய்ஜிங்கில் வளர்ந்த லாங் பிங், 1978இல் இந்த அணிக்குள் வந்தார். உயரம் 1.84 மீட்டர். ஸ்மாஷின் வேகத்தால் 'இரும்புச் சுத்தியல்' என்று பெயர் பெற்றார். 1981 நவம்பரில் ஒசாகாவில் ஜப்பானுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை ஆட்டம் அந்தத் தலைமுறையின் திருப்புமுனை. முதல் இரண்டு செட்களை வென்றதுமே கோப்பை சீனாவுக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த இரண்டு செட்களும் கைநழுவின. ஐந்தாவது 17-15 என்று முடிந்தது. 1982 உலகச் சாம்பியன் பட்டம், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் தங்கம், 1985 உலகக் கோப்பை எனப் பட்டங்கள் தொடர்ந்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் சுற்றில் தம்மைத் தோற்கடித்த அதே அமெரிக்காவை இறுதியில் 3-0 என்று வீழ்த்தியதை, மனவுறுதிக்கு மட்டுமல்ல, யுவானின் ஆட்ட நுணுக்கத்துக்கும் சான்றாகவே கொள்ள வேண்டும்.

இந்த வெற்றிகளின் விலையை அவருடைய உடல் கொடுத்தது. காயங்களோடு இருபத்தைந்து வயதை ஒட்டி ஆட்டத்தை நிறுத்தினார். மூட்டு அறுவை சிகிச்சைகள் பின்னும் தொடர்ந்தன. 1987இல் அமெரிக்கா சென்று நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அணிக்குப் பயிற்சியளிக்க உதவினார். இத்தாலியின் மோதெனா அணிக்கு ஆடினார். 1995இல் சரிந்துகிடந்த சீன அணியை ஏற்று, மறு ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி வரை கொண்டுவந்தார். உடல்நலம் கெட்டு விலகினார். 2005 முதல் அமெரிக்க மகளிர் அணியின் பயிற்றுநர். 2008 ஒலிம்பிக்கில், பெய்ஜிங்கிலேயே, அவருடைய அமெரிக்க அணி சீனாவை 3-2 என்று தோற்கடித்து வெள்ளி வரை சென்றது.

இந்த அயல்நாட்டு ஆண்டுகளை இடைவெளியாகக் கடந்துபோவது தவறு. இரண்டாம் முறை உருவானது அங்கேதான். சர்வீஸ் போட்ட அணிக்கே புள்ளி என்றிருந்த விதி 1990களின் இறுதியில் மாறி, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்றானது. அந்தப் புதிய கணக்கை அவர் இத்தாலிய, அமெரிக்க அணிகளை நடத்தியபோது பழகினார். 2013இல் சீன அணிக்குத் திரும்பியதும் ஒரு டஜன் பேரை அடைத்துவைத்துப் பழக்கும் வழக்கத்தைக் கைவிட்டார். ஏராளமான ஆட்டக்காரர்களை அழைத்து, சுழற்சியில் களமிறக்கினார். இதற்குப் 'பெரிய தேசிய அணி' என்று பெயர். உடற்பயிற்சிக்கும் காயச் சிகிச்சைக்கும் அமெரிக்காவிலிருந்து வல்லுநர்களைக் கொண்டுவந்தார். காயத்தைத் தாங்கி ஆடுவது பெருமை என்றிருந்த அணியில் காயத்தைத் தடுப்பதே பயிற்றுநரின் வேலையானது. என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய சாதனை இதுவே. ஹெனான் கிராமத்துப் பெண்ணான சூ திங் தேசிய அணிக்கு வந்ததும் 2013இல்தான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் சீனா முதல் சுற்றின் ஐந்து ஆட்டங்களில் மூன்றில் தோற்று, பிரிவில் நான்காமிடத்தில் தப்பியது. காலிறுதியில் எதிரே நின்றது, அதுவரை ஒரு செட்டும் இழக்காத பிரேசில். அதை 3-2 என்றும், இறுதியில் செர்பியாவை 3-1 என்றும் வென்றது. சூ திங் சிறந்த ஆட்டக்காரரானார். 2019 உலகக் கோப்பையில் பதினோரு ஆட்டங்களும் சீனாவுக்கே.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சூ திங்கின் மணிக்கட்டுக் காயம் அணியை முடக்கியது. அங்கும் இரண்டு வெற்றி, மூன்று தோல்வி. ரியோவில் காலிறுதிக்கு அனுப்பிய அதே கணக்கு இம்முறை வெளியேற்றியது. லாங் பிங் பொறுப்பிலிருந்து விலகினார். சுழற்சியில் அத்தனை பேரை வளர்த்தபின்னும் தாக்குதல் ஒருவர் கையை நம்பியிருந்தது என்பதே இரண்டாம் முறையின் மீது வைக்கத்தக்க வலுவான குறை.