பெங்களூரில் ஆங்கிலம் கற்பித்த இரு முறைகள்: வகுப்பறையும் அழைப்பு மையமும்

இரண்டாம் மொழி ஒன்றைத் தொழிலுக்குரிய கருவியாகக் கற்பிக்கும்போது, கற்போரின் கவனம் மொழி வடிவத்தின்மீது நிற்கவேண்டுமா, சொல்லவந்த பொருளின்மீது நிற்கவேண்டுமா என்பது நெடுநாளைய வினா. ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளியில் இவ்வினாவுக்கு இருவேறு விடைகளைத் தந்த நகரம் பெங்களூரு. அவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெங்களூர்த் திட்டம்

1960களில் இந்தியப் பள்ளிகளில் அமைப்பு முறை வேரூன்றியது. வாக்கிய அமைப்புகள் எளியது முதல் அரியது வரை வரிசைப்படுத்தப்பெற்று, ஒவ்வொன்றும் வாய்மொழிப் பயிற்சியால் பதிய வைக்கப்பட்டது. ஆனால், வகுப்பில் பிழையின்றிச் சொல்லப்பட்ட வாக்கியம் வெளியே வேண்டும்போது கைகொடுக்கவில்லை என்னும் குறை எழுபதுகளில் வலுப்பெற்றது.

பிரிட்டிஷ் கவுன்சிலின் சார்பில் சென்னையில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1963இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்துடன் இணைந்து, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஓர் ஆய்வை நடத்தினார். இதில் முன்கூட்டி வகுத்த இலக்கணப் பாடத்திட்டம் இல்லை. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொண்டு மாணவர் சிக்கல்களைத் தீர்த்தனர். ஆசிரியர் ஒரு சிக்கலை வகுப்பாருடன் பேசித் தீர்த்துக் காட்டுவார். அதையொத்த மற்றொன்றை மாணவர் தாமே தீர்ப்பர். தகவல் இடைவெளி, காரண இடைவெளி, கருத்து இடைவெளி எனச் செயற்பணிகளை மூவகையாகப் பகுத்த பிரபு, காரண இடைவெளியே வகுப்பறைக்கு மிகப் பொருந்தியதாகக் கண்டார். பொருளில் கவனம் ஊன்றும்போது இலக்கணம் தன்னையறியாமல் உள்ளே அமையும் என்பது அவர்தம் கருதுகோள். 1987இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரித்துரைக்கிறது.

இத்திட்டத்தை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோரின் முடிவுகள் 1985இல் வெளியாயின. அமைப்புத் தேர்வில் அமைப்பு முறை மாணவரும், செயற்பணித் தேர்வில் திட்ட மாணவரும் முந்தினர். எப்பக்கமும் சாராத தேர்வுகளில் பொதுவாகத் திட்ட மாணவரே மேம்பட்டனர். எனினும் மதிப்பீட்டாளர் தம் ஆதரவை எச்சரிக்கையுடனேயே தெரிவித்தனர்.

2. அழைப்பு மையம்

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கால்கொண்டது. 2000ஐ ஒட்டி அழைப்பு மையங்கள் பெருகின. இரவெல்லாம் அமெரிக்க, பிரிட்டானிய வாடிக்கையாளருடன் பேசவேண்டிய இளைஞர்களுக்குக் குரல், உச்சரிப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. அங்கு வழங்கிய முதன்மைக் கலைச்சொல் 'தாய்மொழித் தாக்கம்'. களையவேண்டிய குறையின் பெயராக அது ஆளப்பட்டது.

உரியல் வைன்ரைக் 1953இல் 'மொழிக் குறுக்கீடு' பற்றி எழுதியபோது, இருமொழியாளரின் பேச்சில் நிகழும் விலகல்களை விவரிக்கவே அச்சொல்லை ஆண்டார்; அதில் பழி இல்லை. விவரிப்புச் சொல் மதிப்பீட்டுச் சொல்லாக மாறியது பயிற்சிக் கூடத்தில்தான். குறையை நீக்கிய பின் எய்தவேண்டிய 'நடுநிலை' உச்சரிப்பு எது என்பதிலும் தெளிவில்லை. பெங்களூருப் பயிற்றுநரை ஆராய்ந்த கிளேர் கவுவி 2007இல் வெளியிட்ட கட்டுரை, அச்சொல்லுக்கு அவர்களிடையே ஒருமித்த பொருள் இல்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

3. ஒப்பீடு

முன்னது பள்ளிச் சிறுவருக்குரியது, பின்னது ஊழியருக்குரியது. ஆதலால் ஒப்பீடு பொருந்துமா எனலாம். ஆனால் அழைப்பு மைய ஊழியர் செய்வது யாது? திரையில் உள்ள கணக்கைப் படித்து, வாடிக்கையாளரின் குறையைக் கேட்டு, இரண்டிலிருந்தும் ஒரு முடிவை வருவித்து உரைப்பதே. பிரபுவின் காரண இடைவெளிச் செயற்பணி இங்கே உண்மைத் தொழிலாகவே நிகழ்கிறது. அட்டவணையின் மொழியைக் கேட்போரின் மொழிக்கு மாற்றும் இவ்வூழியரை மொழிபெயர்ப்பாளர் தம் இனத்தவராகவே கருதலாம்.

உச்சரிப்புப் பயிற்சி வேண்டா என்பது இதன் பொருளன்று. ஆர். கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய ஆங்கிலம் புரியாமற்போவதற்குச் சொல்லழுத்தப் பிறழ்வு ஒரு முதன்மைக் காரணம் எனக் காட்டியது. சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்தாத தமிழிலிருந்து வருவோர்க்கு இது எளிதன்று. தொலைபேசியில் 'ஃபிஃப்டீன்' என்பது 'ஃபிஃப்டி' எனக் கேட்டால் பதினைந்து ஐம்பதாகிவிடும், இது திருத்தத்தக்கது. மாறாக, 'பில்' என்னும் ஒரே எழுத்து வடிவம் கட்டணச் சீட்டையும் மாத்திரையையும் குறிக்க இடந்தருகிறது. ஒலிப்புடை ஒலிக்குத் தனியெழுத்துடைய கன்னடத்தில் இச்சிக்கல் இல்லை. ஆயினும் கட்டணம் பற்றிய உரையாடலில் எவரும் மாத்திரை என மயங்கார். முன்னது பொருளைக் கெடுக்கிறது. பின்னது பேசுவோர் பிறந்த மொழியைக் காட்டுவதோடு அமைகிறது.

இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததே பயிற்சி முறையின் பிழை. வடசொல்லைத் தமிழொலிக்கு இயைய ஆள்வதற்கு விதி வகுத்தது தொல்காப்பியம். அவ்வியைபு அங்குக் குற்றமாகக் கருதப்படவில்லை. தொழில்முறை ஆங்கிலம் கற்பிப்போர் கேட்கவேண்டிய முதல் வினா, 'தாய்மொழி தெரிகிறதா?' என்பதன்று, 'பொருள் சென்று சேர்ந்ததா?' என்பதே. அதனைக் கேட்கும் முறையும் அந்நகரிலேயே, அழைப்பு மையங்களுக்கு முன்பே, உருவாகியிருந்தது.