விரித்த கையில் வாங்கிய ஓலை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்களூர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தந்தையாருடன் போயிருந்தேன். புதிய நிருவாகிகளின் பெயர்கள் முதல்நாளிரவே ஒரு வீட்டின் உள்ளறையில் முடிவாகிவிட்டன. சபையோருக்கு மிஞ்சியது கைதட்டுவது மாத்திரமே. கணக்கறிக்கை எங்கே என்று எழுந்த பெரியவரை, "அது பிறகு பார்ப்பம்" என்று இருத்திவிட்டார்கள். பின்னாளில் உத்தரமேரூர்ச் சாசனத்தைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது அந்த உள்ளறைதான்.

காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டுக்குரியது, மற்றது 921ஆம் ஆண்டுக்குரியது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையை அவை விதிக்கின்றன. குடவோலை முறை என்று பாடநூலில் இரண்டு வரி படித்துவிட்டுப் போகிறோம். நடந்த விதமோ அந்த இரண்டு வரியில் அடங்காது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாக மகாசபை கூடும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் தவறாமல் மண்டபத்தில் இருக்கவேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்திலிட்டுக் குலுக்கியபின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்கவேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்கவேண்டும். மூடிய கைக்குள் வேறோர் ஓலை இருக்கலாமல்லவா! வாங்கியதை அவன் வாசிப்பான். நம்பிமார் அனைவரும் வாசிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்படும்.

இவ்வளவு காவலும் எதற்கு? ஏமாற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். 919இல் செய்த விதியை இரண்டே ஆண்டில் திருத்த நேர்ந்ததும் சும்மாவல்ல. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. கணக்கன் தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்டவேண்டும். அவனுக்காக இன்னொருவன் புகுந்து முடித்துக் கொடுக்கலாகாது.

குடத்திலிருந்து ஓலை எடுப்பது சோழர் கண்ட புதுமையன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலில், பொறியை உடைத்துக் குடத்து ஓலையை எடுக்கும் மாக்களைக் காண்கிறோம். வீழ்ந்த வீரரின் குடலைக் கழுகு இழுப்பதற்கு அது உவமை. தேர்தலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் சொல்லமுடியாது என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் பகிடி விட்டார்.

உயர்தர வகுப்பில் இதையெல்லாம் நான் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த வேளை, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன், "மண்டபத்துக்கு வெளியிலை நிண்டவை ஆர், சேர்?" என்றான்.

எனக்குச் சற்றுத் திகைப்புத்தான். உத்தரமேரூர் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவற்றை 921ஆம் ஆண்டுச் சாசனம் கேட்கிறது. நிலத்தை உழுதவன் பெயரோ, அந்தக் குடத்தை வனைந்தவன் பெயரோ ஓலையில் ஏற வழியில்லை. விரித்த கையை அவர்கள் கண்டார்களோ என்னவோ!

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமகன் எவனும் பிரதேச சபையிடம் தகவல் கேட்கலாம். காணியும் வேண்டாம், வேதமும் வேண்டாம்; காரணங்கூடச் சொல்லத் தேவையில்லை. இதையும் அந்த மாணவனுக்குச் சொன்னேன்.

அடுத்த வாரம், தங்கள் ஒழுங்கையைத் திருத்திய செலவுக் கணக்கைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிவந்து, பிழை பார்த்துத் தரும்படி நீட்டினான். இரண்டு இடங்களில் ஒற்று விட்டிருந்தான்.